பத்துக்கு எத்தனை?

அமெரிக்காவில் அக்டோபர் மாதம் முடிவதற்குள்ளேயே தொலைக்காட்சியில் பனி கொட்டத் தொடங்கிவிடும். ஹால்மார்க் போன்ற சேனல்கள் அப்போதே கிறிஸ்துமஸ் படங்களை வரிசையாக ஒளிபரப்புகின்றன. இவை திரையரங்குக்கு வருபவை அல்ல, தொலைக்காட்சிக்கென்றே எடுக்கப்படுபவை. ஒன்றைப் பார்த்தவருக்கு அடுத்ததன் கதையைச் சொல்லத் தேவையில்லை. பெருநகரத்தில் மூச்சுவிட நேரமில்லாமல் வேலை செய்யும் ஒரு பெண் ஏதோ காரணத்துக்காகச் சின்ன ஊர் ஒன்றுக்கு வருகிறாள். அங்கே கட்டம்போட்ட சட்டை அணிந்த ஒருவன் இருக்கிறான். தச்சனாகவோ கிறிஸ்துமஸ் மரத்தோட்டக்காரனாகவோ இருப்பான். மனைவியை இழந்து, சிறு பெண்குழந்தையைத் தனியாக வளர்ப்பவனாக இருந்தால் இன்னும் விசேஷம். ஊரின் கிறிஸ்துமஸ் விழா நின்றுபோகும் நிலையில் இருக்கும். இருவரும் சேர்ந்து அதைக் காப்பாற்றுவார்கள். முத்தமிட நெருங்கும்போதெல்லாம் யாராவது குறுக்கே வருவார்கள். கடைசி நிமிடத்தில் பனி விழ, அந்த முத்தம் கிடைக்கும்.

இவற்றைப் பார்க்கும் பெண்கள் பலர் மதிப்பெண்ணும் போடுகிறார்கள். ஹாட் சாக்லேட் எத்தனை கோப்பை வந்தது, பனி நிஜம்போல இருந்ததா, குழந்தையின் பேச்சு சகிக்கும்படி இருந்ததா, காதலர் இருவருக்கும் ஒருவரையொருவர் உண்மையிலேயே பிடித்திருக்கிறதா என்றெல்லாம் பார்த்து, பத்துக்கு ஆறு, பத்துக்கு எட்டு என்று தோழிகளுக்குள் சொல்லிக்கொள்வார்கள். நானும் போடுகிறேன். விளையாட்டாகத் தொடங்குவதுதான். ஆனால் மதிப்பெண் என்பது ஒரு தீர்ப்பு; தீர்ப்புக்கு ஓர் அளவுகோல் வேண்டும். பெண்ணியம் பேசுகிற ஒருத்தி இந்தப் படங்களை எந்த அளவுகோலால் அளப்பது?

தயாராக இரண்டு பதில்கள் இருக்கின்றன. வேலையைவிடக் கல்யாணமே பெரிது என்று பெண்ணுக்குப் போதிக்கும் படங்கள் இவை, எல்லாவற்றுக்கும் பூஜ்யம் போடு என்பது ஒன்று. களைத்துப்போன பெண்கள் இரண்டு மணி நேரம் சும்மா இருக்கட்டுமே, இதிலுமா அரசியல் என்பது மற்றொன்று. எதிரெதிராகத் தோன்றினாலும் இரண்டும் ஒரே காரியத்தைத்தான் செய்கின்றன: படத்தைப் பார்க்காமலே முடிவு சொல்லிவிடுகின்றன. எல்லாம் ஒன்றுதான் என்று நினைப்பவருக்கு ஆறுக்கும் எட்டுக்கும் என்ன வித்தியாசம் என்று சொல்ல முடியாது. முப்பது படம் பார்த்தவளுக்கு முடியும். அவளுக்குத் தெரிந்த அந்த வித்தியாசத்திலிருந்துதான் நியாயமான விமர்சனம் தொடங்க முடியும் என்பது என் வாதம்.

முதலில் இந்தப் படங்கள் எங்கிருந்து வருகின்றன என்று பார்க்கலாம். ஹால்மார்க் அடிப்படையில் ஒரு வாழ்த்து அட்டைக் கம்பெனி. 1910இல் ஜாய்ஸ் ஹால் என்ற இளைஞர் இரண்டு காலணிப் பெட்டிகள் நிறையத் தபால் அட்டைகளோடு கேன்சஸ் சிட்டிக்கு வந்து தொடங்கிய வியாபாரம் அது. 1951 டிசம்பர் 24 அன்று, தொலைக்காட்சிக்கென்றே முதன்முதலாக எழுதப்பட்ட ஆப்பராவை என்பிசி ஒளிபரப்பியபோது அதற்குப் பணம் கொடுத்தது இந்தக் கம்பெனிதான். கியான் கார்லோ மெனோட்டியின் கிறிஸ்துமஸ் கதை அது. 2001இல் அவர்களுடைய பெயரிலேயே சேனல் வந்தது. 2009இல் 'கவுண்ட்டவுன் டு கிறிஸ்துமஸ்' என்ற வரிசை தொடங்கியது. பிறகு சில ஆண்டுகளில் ஒரே பருவத்தில் 40 புதிய படங்கள்வரை வந்திருக்கின்றன. பல படங்கள் கனடாவில், இரண்டு மூன்று வாரங்களுக்குள், கோடைகாலத்திலேயே எடுக்கப்படுகின்றன. வெயிலில் கம்பளிக்கோட்டும் மப்ளருமாக வியர்வையோடு நடிக்கிறார்கள். பனி செயற்கைப் பனி. இரண்டு மணி நேர ஒளிபரப்பில் விளம்பரம் போக மிஞ்சும் நேரத்துக்குள் கதை முடிய வேண்டும். அதனால்தான் முத்தம் எந்த நிமிடத்தில் வரும் என்று பழகியவர்களால் கடிகாரத்தைப் பார்த்தே சொல்ல முடிகிறது.

பார்க்கிறவர்களில் பெரும்பாலோர் பெண்கள். அவர்களை இந்தத் தொழில் எப்படி நினைக்கிறது என்பதற்கு ஒரு சம்பவம் உண்டு. 2017 நவம்பரில் நெட்ஃபிளிக்ஸ் 'எ கிறிஸ்துமஸ் பிரின்ஸ்' என்ற படத்தை வெளியிட்டது. அடுத்த மாதமே, அந்தப் படத்தை 18 நாட்களாகத் தினமும் பார்த்த 53 பேரை நோக்கி, உங்களை இப்படிக் காயப்படுத்தியது யார் என்று ட்விட்டரில் பகிரங்கமாகக் கேட்டது. பயனர்கள் என்ன பார்க்கிறார்கள் என்று கம்பெனி வேவு பார்க்கிறதே என்று பலர் கண்டித்தார்கள். அது சரிதான். எனக்கு உறுத்துவது வேறு. பண்டத்தைச் செய்தவன், விற்றவன், விரும்பி வாங்கியவளைப் பார்த்துச் சிரித்தவன் எல்லாம் ஒரே ஆள். பழைய கிரிக்கெட் ஆட்டமொன்றைப் பதினெட்டாவது முறையாகப் பார்க்கும் ஆணிடம் யாரும் இப்படிக் கேட்பதில்லை. அவனுக்கு ஆட்டத்தின்மேல் பற்று. அவளுக்கு ஏதோ குறை. நம் ஊரில் மாத நாவல் வாசித்த பெண்களும் இதே இளக்காரத்தைக் கேட்டு வளர்ந்தவர்கள்தான்.

ஆனால் யார் காயப்படுத்தியது என்ற கேள்விக்கு நேர்மையான பதில் ஒன்று இருக்கிறது: டிசம்பர் மாதம்.

மானிடவியலாளர் மிகேலா டி லியோனார்டோ 1987இல் எழுதிய ஒரு கட்டுரை, வாழ்த்து அட்டைகளையும் பண்டிகைகளையும் பற்றியது. கலிஃபோர்னியாவில் வாழும் இத்தாலிய வம்சாவளிக் குடும்பங்களை ஆராய்ந்தபோது, வீட்டுவேலை, சம்பள வேலை என்ற இரண்டுக்கும் வெளியே மூன்றாவதாக ஓர் உழைப்பு இருப்பதை அவர் கண்டார். உறவைப் பேணும் உழைப்பு. யாருக்கு அட்டை அனுப்புவது, யாருக்கு எந்தப் பரிசு, யாரை விருந்துக்கு அழைப்பது, யாருடைய மனத்தாங்கலை எப்போது ஆற்றுவது என்று நினைவில் வைத்துக்கொண்டு செய்யும் வேலை. அதைச் செய்தவர்கள் பெண்கள். கணவன் வழி உறவுக்கும் மனைவியே செய்தாள். அட்டை விற்றுப் பெரிதான கம்பெனி இந்த உழைப்பின் மேல்தான் நிற்கிறது. அந்த உழைப்பைச் செய்து முடித்துச் சோர்ந்தவளுக்கே பிறகு அது படமும் காட்டுகிறது.

இதை மனத்தில் வைத்துக்கொண்டு ஹால்மார்க் நாயகனைப் பாருங்கள். அவன் பணக்காரனாக இருக்க வேண்டியதில்லை, பேரழகனாகக்கூட இருக்க வேண்டியதில்லை. அவனிடம் நேரம் இருக்கிறது. மரத்தை அவனே வெட்டிக் கொண்டுவருகிறான். பிஸ்கட் மாவு பிசையும்போது பக்கத்தில் நிற்கிறான். சிக்கிக் கிடக்கும் விளக்குச் சரத்தைப் பிரிக்கிறான். அவளுடைய அம்மா சொன்ன ஒன்றை இரண்டு நாள் கழித்தும் ஞாபகம் வைத்திருக்கிறான். ராஜகுமாரன் வரும் படங்களில்கூட மனத்தைத் தொடுவது கிரீடம் அல்ல, அவன் உட்கார்ந்து அவள் பேச்சைக் கேட்பதுதான். பண்டிகை வேலை பாதியாகப் பிரிந்துவிடுகிறது. செய்தவள் யார் என்று எல்லாருக்கும் தெரிகிறது. இவ்வளவுதான் இந்தப் படங்கள் காட்டும் கனவு. இவ்வளவு சிறிய ஒன்றைக் கனவாகத்தான் காண முடிகிறது என்பதில் சிரிக்க என்ன இருக்கிறது?

பெண்கள் இப்படி நுணுக்கமாகப் பார்த்து மதிப்பிடுவது புதிதும் அல்ல. ஜானிஸ் ராட்வே 1984இல் வெளியிட்ட 'ரீடிங் தி ரொமான்ஸ்' என்ற ஆய்வு, அமெரிக்காவின் மத்தியப் பகுதியில் ஓர் ஊரில் காதல் நாவல் வாசித்த பெண்களைப் பற்றியது. ஊருக்கும் ஆட்களுக்கும் அவர் புனைபெயர் கொடுத்தார். டாட் என்று அவர் அழைத்த புத்தகக் கடை ஊழியர், புதிதாக வரும் நாவல்களுக்கு நட்சத்திரம் போட்டு ஒரு செய்தி மடல் நடத்தினார். வெளியே இருப்பவர்களுக்கு எல்லா நாவலும் ஒரே குப்பை. அந்தப் பெண்களோ கறாராகத் தரம் பிரித்தார்கள். நாயகியைக் கொடுமைப்படுத்துகிற நாயகனை ஒதுக்கினார்கள். புத்திசாலியான நாயகியை விரும்பினார்கள். ஏமாறாமல் இருக்க முதலில் கடைசிப் பக்கத்தைப் படித்தார்கள். வாசிக்கும் நேரம்தான் குடும்பத்தில் யாருக்கும் பங்கில்லாத தங்கள் நேரம் என்றார்கள். ராட்வே இதில் ஓர் எதிர்ப்பைக் கண்டார். கூடவே ஒரு சிக்கலையும் கண்டார்: கல்யாணத்தில் கிடைக்காத பரிவை நாவல் கொடுத்துவிட்டால், கல்யாணம் மாறாமல் அப்படியே இருந்துவிடும்.

அந்தச் சிக்கல் இந்தப் படங்களுக்கும் உண்டு. அதனால்தான் எல்லாவற்றுக்கும் பத்து போட முடியவில்லை. எங்கே போடுகிறேன், எங்கே குறைக்கிறேன் என்று சொல்கிறேன்.

நகரத்தை விட்டுவிட்டுச் சின்ன ஊரில் தங்கிவிடுகிறாள் என்பதற்காக மட்டும் நான் மதிப்பெண் குறைப்பதில்லை. பெருநகர அலுவலகம் பெண்ணின் விடுதலைக்கான கோயில் ஒன்றும் அல்ல. 2014இல் வந்த 'கிறிஸ்துமஸ் அண்டர் ராப்ஸ்' படத்தில் லாரன் ஒரு டாக்டர். பாஸ்டனில் அவள் விரும்பிய மேற்பயிற்சி இடம் கிடைக்காமல் அலாஸ்காவின் ஒரு சிற்றூருக்கு வருகிறாள்; கடைசியில் அங்கேயே இருந்துவிடுகிறாள். அங்கேயும் அவள் டாக்டர்தான். மருத்துவர் கிடைக்காத ஊருக்கு ஒரு மருத்துவர் கிடைத்தாள். இதில் குற்றம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வேறொன்றுக்காகக் குறைக்கிறேன். இத்தனை வருடம் அவள் உழைத்து விரும்பிய ஒன்று கைவிட்டுப் போகிறது. அந்த இழப்புக்காக அவள் ஒருமுறையாவது அடிவயிற்றிலிருந்து கோபப்படுவதைப் படம் அனுமதிப்பதில்லை. அவளுடைய ஆசை ஒரு பிடிவாதம்போலவும், ஊர் அதற்கு மருந்துபோலவும் ஆகிவிடுகிறது.

இதை ஓர் ஆணின் கதையோடு ஒப்பிடலாம். ஃபிராங்க் காப்ரா 1946இல் எடுத்த 'இட்ஸ் எ வொண்டர்ஃபுல் லைஃப்' திரையரங்குக்காக எடுக்கப்பட்டது. 1974இல் பதிப்புரிமை புதுப்பிக்கப்படாமல் போகவே, தொலைக்காட்சி நிலையங்கள் அதைத் திரும்பத் திரும்பக் காட்டி அமெரிக்காவின் கிறிஸ்துமஸ் படமாக ஆக்கிவிட்டன. ஜார்ஜ் பெய்லியும் உலகம் சுற்ற ஆசைப்பட்டவன். அவனும் சின்ன ஊரிலேயே தங்கிவிட்டவன். ஆண்களை ஊருக்குள் கட்டிப்போடும் பிற்போக்குப் படம் என்று அதை யாரும் ஒதுக்குவதில்லை. மகத்தான படம் என்கிறார்கள். ஏனென்றால் அவன் இழந்தது இழப்பாகவே கணக்கில் வருகிறது. அவன் கத்துகிறான், பொருட்களை உடைக்கிறான், சாவதற்குப் பாலத்தில் போய் நிற்கிறான். அதன் பிறகே ஆறுதல் வருகிறது. அதே படத்தில் ஜார்ஜ் பிறக்காத உலகம் ஒன்று வரும். அங்கே அவன் மனைவி மேரிக்கு நேரும் பெரிய கொடுமை, கல்யாணமாகாமல் கண்ணாடி போட்ட நூலகராக இருப்பது!

1977இல் ஏபிசி தொலைக்காட்சி இந்தக் கதையைத் திருப்பி எடுத்தது. 'இட் ஹாப்பண்ட் ஒன் கிறிஸ்துமஸ்' என்ற அந்தப் படத்தில் ஜார்ஜின் இடத்தில் மேரி. நடித்தவர் மார்லோ தாமஸ், பெண்ணியத்தைப் பகிரங்கமாகப் பேசியவர். உலகம் சுற்ற ஆசைப்பட்டு, முடியாமல் போய், பாலத்தில் போய் நிற்பது அங்கே ஒரு பெண். அதுவும் தொலைக்காட்சிக்காக எடுத்த கிறிஸ்துமஸ் படம்தான். ஆக, பெண்ணின் கோபத்தையும் வைத்துக்கொண்டு இந்த வகைப் படம் இதமாக முடிய முடியும். இன்றைய படங்கள் அதைச் செய்யாதபோது, இதத்துக்காக வேறு வழியில்லை என்று நான் ஒப்புக்கொள்ளத் தேவையில்லை. குறைத்துப் போடுகிறேன்.

வர்க்கத்துக்கும் குறைக்கிறேன். 2015இன் 'கிரவுன் ஃபார் கிறிஸ்துமஸ்' படத்தில் நியூயார்க் விடுதியில் அறை சுத்தம் செய்யும் பெண் வேலையை இழக்கிறாள். பிறகு அரண்மனைக் குழந்தைக்கு ஆசிரியையாகி, அரசனை மணக்கிறாள். அவள் மேலே போவதைப் பார்க்க எனக்கும் சந்தோஷமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒரு நாளில் வேலையைப் பறிக்க முடிகிற அந்த விடுதி அப்படியே இருக்கிறது. அறைகளை வேறு யாரோ ஒருத்தி சுத்தம் செய்துகொண்டிருப்பாள்.

எல்லாவற்றையும்விடப் பெரிய கேள்வி, அந்தக் கதகதப்பான அறைக்குள் யாருக்கு இடம் இல்லை என்பது. நெடுங்காலம் இந்தப் படங்களின் முதன்மை வேடங்களில் பெரும்பாலும் வெள்ளையர்கள். காதல் என்றால் ஆணும் பெண்ணும். 2019 டிசம்பரில் ஹால்மார்க் சேனலில் ஒரு திருமண இணையதளத்தின் விளம்பரம் வந்தது. அதில் இரு மணப்பெண்கள் முத்தமிட்டுக்கொண்டார்கள். ஒரு பழமைவாத அமைப்பு எதிர்க்கவே சேனல் அந்த விளம்பரத்தை நிறுத்தியது. பெரிய கண்டனம் எழுந்ததும் சில நாட்களில் மன்னிப்புக் கேட்டுத் திரும்ப ஏற்றுக்கொண்டது. கிறிஸ்துமஸ் அன்று எல்லாரும் வீடு திரும்ப வேண்டும் என்று ஆண்டுதோறும் நாற்பது முறை சொல்கிற நிறுவனம், எந்தப் பெண்களுக்கு வீட்டுக்குள் இடமில்லை என்று ஒரே வாரத்தில் காட்டிவிட்டது.

இதமாக இருக்க வேண்டுமென்றால் சிலரை வெளியே நிறுத்தத்தான் வேண்டும் என்று வாதிடுவோர் உண்டு. பார்ப்பவர் மனம் சஞ்சலப்படக்கூடாது, அதுதானே இந்தப் படங்களின் தர்மம் என்பார்கள். இதற்குப் பதிலைப் படங்களே சொல்லிவிட்டன. 2020இல் ஹால்மார்க்கின் 'தி கிறிஸ்துமஸ் ஹவுஸ்' படத்தில், குழந்தையைத் தத்தெடுக்கக் காத்திருக்கும் ஆண் தம்பதியர் வந்தார்கள். 2022இல் 'தி ஹாலிடே சிட்டர்' வந்தது. அக்காள் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பில் மாட்டிக்கொண்டு விழிக்கும் ஒருவன், உதவிக்கு வரும் பக்கத்து வீட்டுக்காரன், இருவருக்கும் காதல். அதே விளக்கு, அதே பனி, அதே கடைசி நிமிட முத்தம். எதுவும் உடைந்துபோகவில்லை. சமைப்பது, பிள்ளைகளைச் சமாளிப்பது, வீட்டை அலங்கரிப்பது என்று பெண்கள் தலையில் விழும் வேலைகளை இரண்டு ஆண்கள் தடுமாறித் தடுமாறிச் செய்வதைப் பார்ப்பதும் தனி ஆறுதல். அதே ஆண்டு, இந்த வகைப் படங்களின் மிகப் பிரபலமான நடிகை கேண்டஸ் கேமரூன் பியூர், வேறொரு சேனலுக்குப் போய், அங்கே மரபான திருமணமே மையமாக இருக்கும் என்று அறிவித்தார். ஆக, கதவைச் சாத்துவது சிலரின் விருப்பம். இதத்துக்கு அது தேவைப்படவில்லை. இது தெரிந்த பிறகு, கதவைச் சாத்துகிற படத்துக்கு, பனி எவ்வளவு அழகாக விழுந்தாலும், என்னால் ஐந்துக்கு மேல் போட முடிவதில்லை.

இப்படி எடை போட்டுக்கொண்டே இருந்தால் ஓய்வு எங்கே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. நாள் முழுக்க எல்லாருக்கும் கணக்குப் பார்ப்பவள், படம் பார்க்கும்போதாவது கணக்கை விடட்டுமே. ஆனால் இந்தப் படங்களை விரும்பிப் பார்ப்பவர்களோடு உட்கார்ந்திருந்தால் தெரியும்: மதிப்பெண் போடுவது அவர்களுக்குச் சுமையே அல்ல. மகிழ்ச்சியில் பாதி அதுதான். அவன் ஏன் அவளிடம் அதைக் கேட்கவில்லை, அவள் ஏன் அவ்வளவு சீக்கிரம் மன்னித்தாள், அந்தத் தோழிக்கு ஏன் கதையே இல்லை என்று கத்துவார்கள். எந்தப் பெண் எதற்குத் தகுதியானவள், எந்த மன்னிப்பு மலிவானது, ஒரு ஆண் எவ்வளவு செய்தால் போதும் என்றெல்லாம் அங்கே தீர்ப்பாகிறது. தன் வீட்டைப் பற்றி வாய் திறந்து சொல்ல முடியாததை அலாஸ்காவில் இருக்கும் ஒரு தச்சனை வைத்துச் சொல்லிவிடலாம். ராட்வே கண்ட சிக்கல் கொஞ்சமாவது இளகுவது இங்கேதான். தனியாகப் பார்க்கும்போது படம் குறையை ஆற்றிவிடுகிறது. கூடிப் பேசி மதிப்பெண் போடும்போது அந்தக் குறைக்கு ஒரு பெயர் கிடைக்கிறது.

ரசனையைக் குற்ற உணர்ச்சியோடு அனுபவிக்கப் பெண்களுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். பிடித்ததைப் பிடித்திருக்கிறது என்று சொல்லும் முன்பே ஒரு வெட்கச் சிரிப்பு வந்துவிடுகிறது. அந்தச் சிரிப்பால் இரண்டு நஷ்டம். கிடைக்கிற சந்தோஷம் முழுதாகக் கிடைப்பதில்லை. இதைவிட நல்ல படம் வேண்டும் என்று கேட்கும் உரிமையும் போய்விடுகிறது. குப்பைதான் என்று நாமே ஒப்புக்கொண்டுவிட்டால், குப்பையில் தரம் கேட்பது எப்படி?

என் கணக்கில் 'தி ஹாலிடே சிட்டர்' எட்டு, 'கிறிஸ்துமஸ் அண்டர் ராப்ஸ்' ஆறு, 'கிரவுன் ஃபார் கிறிஸ்துமஸ்' ஐந்து. பத்து இன்னும் யாருக்கும் போடவில்லை. நான் பார்த்த படங்களில் ஹாட் சாக்லேட் ஆறாகப் பெருகுகிறது. தட்டு தட்டாக பிஸ்கட் வருகிறது. ஊரே வந்து சாப்பிடுகிறது. அந்தக் கோப்பைகளை எல்லாம் யார் கழுவினார்கள் என்று இதுவரை ஒரு படமும் காட்டவில்லை. அதைக் காட்டுகிற படத்துக்காக ஒரு மதிப்பெண்ணை எடுத்துவைத்திருக்கிறேன். கழுவுவது அவனாக இருந்தால் இன்னொன்றும் உண்டு.